ஹெட்போனில் முழங்கும் சிந்தசைசர் மிக்சரில் மெலிவது ஏன்?

கேள்வி: என்னிடம் உள்ளங்கை அளவிலான இரண்டு சிந்தசைசர்கள் (மின்னணு இசைக்கருவிகள்) இருக்கின்றன. ஹெட்போனில் இரண்டும் நன்றாக முழங்குகின்றன. இருமுனையிலும் ஸ்டீரியோ பின் உள்ள கேபிளால், பல ஒலிகளைக் கலக்கும் மிக்சரில் இணைத்தால், ஒன்றின் ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே அடாப்டரில் இயக்கும்போது உறுமலும் சேர்ந்துகொள்கிறது. மிக்சர் பழுதாகிவிட்டதா?

பதில்: மிக்சரைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிடாதீர்கள், குறை பெரும்பாலும் கேபிளில்தான் இருக்கும். கோர்க் வோல்கா போன்ற சிறு கருவிகளில் ஒலி வெளிவருவது 3.5 மி.மீ. ஹெட்போன் துளை வழியாகத்தான். அதில் செருகும் பின்னில் ஒரு முனை இடப்பக்க ஒலியையும் மற்றொன்று வலப்பக்க ஒலியையும் சுமக்கின்றன. மிக்சரின் 6.35 மி.மீ. பேலன்ஸ்டு உள்ளீடோ, அவ்விரு முனைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மட்டுமே ஒலியாக எடுத்துக்கொள்ளும்; வெளி இரைச்சலைக் கழித்துவிடுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. இருபக்கமும் ஒரே ஒலி வந்தால் இரைச்சலோடு இசையும் கழிந்துபோய், இருபக்கமும் சற்றே மாறுபடும் எதிரொலி மட்டும் எஞ்சும். நீங்கள் கேட்கும் கிணற்று ஒலி அதுதான்.

கடையில் ஈ.பி. ஸ்டீரியோ பின்னிலிருந்து (3.5 மி.மீ.) இரண்டு பி-38 மோனோ பின்களாக (6.35 மி.மீ., ஒருபக்க ஒலியை மட்டும் சுமப்பவை) பிரியும் கேபிளைக் கேட்டு வாங்குங்கள். மோனோ பின்னில் ஒரு கறுப்பு வளையமும் ஸ்டீரியோவில் இரண்டும் இருக்கும். கடைக்காரர் சொல்வதைவிட வளையங்களை எண்ணிப் பார்ப்பதே நம்பகமானது. இரு பின்களையும் ஸ்டீரியோ சேனலின் இடம், வலம் துளைகளில் செருகலாம். ஒரு சேனல்தான் மிச்சமிருக்கிறதென்றால் இடப்பக்கப் பின்னை மட்டும் செருகி, மற்றதை உலோகத்தில் படாமல் விட்டுவிடுங்கள். சிந்தசைசர் பக்கம் மட்டும் மோனோ பின்னைச் செருக வேண்டாம். அது வலப்பக்க வெளியீட்டை எர்த்தோடு நேரே இணைத்துவிடும்.

உறுமலுக்குக் காரணம் வேறு. ஒரே அடாப்டரில் இரு கருவிகள் இருக்கும்போது, மின்கம்பியின் எதிர்முனை வழியாகவும் ஒலிக்கேபிளின் உலோக உறை வழியாகவும் எர்த் இருமுறை இணைந்து ஒரு வளையமாகிவிடுகிறது. ஒரு கருவியின் டிஜிட்டல் இரைச்சல் அவ்வழியே ஒலிக்குள் கசிகிறது. வோல்கா போல பேட்டரியிலும் ஓடும் கருவியென்றால், அதில் பேட்டரி போட்டு அடாப்டரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் காரணம் உறுதி. ஆளுக்கொரு அடாப்டர் கொடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் தொடர்ந்தால் ஒலிக்கேபிளின் நடுவே தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் சேர்க்கலாம். மிக்சரின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றிவிடும் பழக்கம் மேடைகளில் உண்டு. உயிருக்கே ஆபத்தான அதை எக்காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

இவற்றைச் சரிசெய்த பிறகும் ஒலி குறைவாகவே இருந்தால், சிந்தசைசரின் வால்யூமை முக்கால் பங்குக்கு ஏற்றி வைத்துவிட்டு, அதன் பின்னரே மிக்சரின் கெயினை (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் குமிழ்) சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.