குழாய் முனையில் எல்லாம் வரம்புக்குள், கடலில்?

கேள்வி: எங்கள் ஊர்க் கடலில், தொழிற்பேட்டையில் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாய் வழியாக விடுகிறார்கள். மாதிரிகள் எல்லாம் வரம்புக்குள் இருப்பதாக அதிகாரிகள் சொல்கிறார்கள். ஆனால் குழாய்ப் பக்கம் வலை போட்டால் பாசி வழவழவென்று படிகிறது, நண்டும் குறைந்துவிட்டது. எங்கள் சங்கம் எதைக் கேட்க வேண்டும்? நாங்களே எதைப் பார்க்கலாம்?
(மீனவர் சங்க நிர்வாகி, கிழக்குக் கடற்கரை)

பதில்: அதிகாரிகள் காட்டும் அறிக்கை உண்மையாகவே இருக்கலாம். குழாயிலிருந்து என்ன வெளியேறுகிறது என்பதை அது சொல்கிறது. கடலுக்கு என்ன ஆனது என்பதை அறிய வேறு அளவீடுகள் வேண்டும். உங்கள் சங்கம் கேட்டுப் பெற வேண்டியவை அவைதான்.

முதலில் அந்த 'வரம்பு' என்னவென்று பாருங்கள். கடலில் விடும் கழிவுநீருக்கு, 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரவரம்பு, லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை பிஓடியை, அதாவது உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை (கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது நீரிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு), அனுமதிக்கிறது. அம்மோனியா நைட்ரஜனுக்கு வரம்பு 50 மில்லிகிராம். இவை லிட்டர்க் கணக்கு. ஒரு நாளைக்கு ஒரு கோடி லிட்டர் வெளியேறினால், வரம்பை மீறாமலேயே ஆயிரம் கிலோ பிஓடி கடலில் சேரும். ஆகவே நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் விடப்படுகிறது, மொத்தச் சுமை எத்தனை கிலோ என்று கேளுங்கள். மீன் சோதனையும் உண்டு: நீர் கலக்காத கழிவுநீரில் விட்ட மீன்களில் 90 விழுக்காடு 96 மணி நேரத்துக்குப் பிறகும் உயிரோடு இருக்க வேண்டும். நான்கு நாளில் சாகாத மீன் முட்டையிடுமா, குஞ்சு பிழைக்குமா என்பதை இந்தச் சோதனை தொடுவதில்லை.

இனி கடலுக்கு வருவோம். கடலில் ஒரு குழாயின் விளைவை அறிய இரண்டு ஒப்பீடுகள் தேவை: குழாய் வருவதற்கு முன்பும் பின்பும், குழாய்க்கு அருகிலும் தொலைவிலும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் முடிவு ஆட்டம் காணும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் இதற்கு நல்ல முன்மாதிரி. சுத்திகரித்த கழிவுநீரைச் சுமார் 15 கிலோமீட்டர் சுரங்கக் குழாய் வழியே கொண்டுபோய், ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தில் விடும் ஏற்பாட்டை 2000 செப்டம்பரில் தொடங்கினார்கள். அந்தக் கடலைக் கண்காணிக்கும் வேலையை 1992லேயே தொடங்கிவிட்டார்கள். எந்த அளவைத் தாண்டினால் எச்சரிக்கை, எதைத் தாண்டினால் நடவடிக்கை என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். நம் ஊரில் நான் மிகவும் ஏங்குவது இதற்குத்தான். அளவு கூடிய பிறகு 'இது இயல்பான ஏற்ற இறக்கம்தான்' என்று விளக்கம் தேடுவதற்கு அங்கே இடமில்லை.

உங்கள் ஊரில் 'முன்பு' எடுத்த அளவுகள் எங்கே இருக்கும்? குழாய்த் திட்டம் சுற்றுச்சூழல் அனுமதி பெற்றிருந்தால், அதற்கான தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் இருக்கும். ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் தரவேண்டிய, அனுமதியின் நிபந்தனைகளைக் கடைப்பிடித்ததைக் காட்டும் அரையாண்டு இணக்க அறிக்கைகளும் பொது ஆவணங்களே. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையையும் (கழிவுநீரை வெளியேற்ற வாரியம் தரும் அனுமதி) சேர்த்து, பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.

கையில் கிடைத்ததும் மாதிரி எடுத்த இடத்தையும் நேரத்தையும் பாருங்கள். நீரில் கரைந்த ஆக்சிஜன் விடியலுக்குச் சற்று முன்புதான் மிகக் குறைவாக இருக்கும். வெயில் ஏறிய பின் நுண்பாசிகள் ஆக்சிஜனை வெளியிடுவதால் அளவு உயர்ந்துவிடும். பகல் பதினொரு மணிக்கு எடுத்த மாதிரி, விடியற்காலையில் நண்டு மூச்சுத் திணறியதைக் காட்டாது. ஆழமும் முக்கியம். உப்புக் குறைந்த கழிவுநீர் கடல்நீரைவிட இலேசானது, பொதுவாக மேலெழும்பும். ஆனால் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஆற்று நீர் கடலின் மேற்பரப்பில் பரவி நிற்கும்போது, கழிவுநீர் அதற்கு அடியிலேயே தங்கிவிடக்கூடும். மேலே மட்டும் முகந்தால் எதுவும் தெரியாது. நம் கரையில் நீரோட்டமும் பருவத்துக்குப் பருவம் வடக்கும் தெற்குமாக மாறுகிறது. எனவே ஒப்பீட்டு இடங்கள் இரு திசைகளிலும் இருக்க வேண்டும். ஒரே பருவத்து அளவுகளையே ஒப்பிட வேண்டும்.

என்னைக் கேட்டால், நீரைவிடச் சேற்றை நம்பலாம். நீர் ஓடிவிடும், மாதம் ஒரு நாள் முகந்த ஒரு குப்பி அந்த ஒரு கணத்தைத்தான் சொல்லும். கடலடிச் சேறோ ஓராண்டுக் கணக்கை எழுதி வைத்திருக்கும் பேரேடு. கரிமக் கழிவு மிகுந்தால் அங்கே பலவகை உயிர்கள் குறைந்து, கேப்பிடெல்லா போன்ற சிறு புழுக்கள் பெருகும். செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்களும் அங்கே படியும். இதில் ஒரு கவனம்: களிமண் இயல்பாகவே மணலைவிட அதிக உலோகத்தைப் பிடித்து வைக்கும். குழாயருகே எடுத்த மணலைத் தொலைவில் எடுத்த களியோடு ஒப்பிட்டு 'இங்கே உலோகம் குறைவு' என்று காட்டினால் ஏற்காதீர்கள். நீரை வடிகட்டி உண்ணும் பச்சை மட்டியின் சதையைச் சோதித்தாலும் பல வார நிலவரம் தெரியும்.

நீங்களே செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. தேதி, நேரம், ஜிபிஎஸ் இடம், ஆழம், வலை வகை, இனவாரியாகப் பிடிபட்ட எடை, வலையில் பாசி, நீரின் நிறம், நீரோட்டத் திசை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். குழாய்ப் பக்கமும் தொலைவிலும் அதே வலையை அதே நேரம் போட்டு எழுதினால்தான் ஒப்பிட முடியும். மீன் கிடைக்காத நாளையும் விடாதீர்கள். சில பருவங்கள் சேர்ந்தால் எந்த ஆய்வாளரும் புறந்தள்ள முடியாத பதிவாகிவிடும்.

எல்லாவற்றையும் குழாயின் மேல் போடவும் கூடாது. 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் கடல் பச்சையாகி மீன்கள் செத்தபோது, நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் பெருகியிருந்தது. பாசி படிவதற்கு ஆற்று முகத்திலிருந்து வரும் ஊர்ச் சாக்கடையும் காரணமாகலாம். அதற்காகத்தான் தொலைவு இடங்கள் தேவை. இரண்டு பக்கமும் ஒரேபோல் நண்டு குறைந்திருந்தால் காரணம் வேறாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மீன் செத்து மிதந்தால் உடனே வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்தில் தெரிவித்து, 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அன்றே கழிவுநீர் மாதிரி எடுக்கக் கோருங்கள். அந்த முறைப்படி எடுத்து முத்திரையிட்ட மாதிரிக்குத்தான் வழக்கில் சான்று மதிப்பு உண்டு. நீங்கள் முகந்த நீர் விசாரணையைத் தூண்ட உதவும், ஆனால் சட்டப்படி அதற்கு இணையாகாது. சாகும் நிலையிலுள்ள மீன்கள் சிலவற்றைப் பனிக்கட்டியில் வைத்து மீன்வளத் துறையிடம் அன்றே ஒப்படையுங்கள். அழுகிய மீனின் செவுளிலிருந்து எதையும் கண்டறிய முடியாது.