கசிந்த மீன் தொட்டிக்குக் கடைக்காரர் பொறுப்பேற்க வேண்டுமா?

கேள்வி: சென்னை பெரம்பூரில் வாடகை வீட்டில் வசிக்கிறேன். பிள்ளைகளுக்காக, செலவு குறைவாக இருக்க வேண்டும் என்று சொல்லி, ஒரு வண்ண மீன் கடையில் 3 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி, ஸ்டாண்ட், ஃபில்டர், விளக்கு, மீன்கள் என அனைத்தையும் 9,500 ரூபாய்க்கு வாங்கினேன். கடை ஆட்களே வந்து பொருத்தி, அன்றே மீன்களையும் விட்டனர். முதல் வாரத்திலேயே சில மீன்கள் இறந்தன. இரண்டு வாரம் ஆவதற்குள் அடி மூலையில் ஒட்டு விட்டு, தண்ணீர் முழுவதும் கொட்டி, அருகில் இருந்த இன்வெர்ட்டர் பழுதாகிவிட்டது. மறுநாளே கேட்டும் கடைக்காரர் கைவிரித்துவிட்டார். ரசீது இல்லை; 'கண்ணாடிக்கு உத்தரவாதம் இல்லை, விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சிட்ட துண்டுச் சீட்டுதான் இருக்கிறது. பணத்தை ஜிபேயில் செலுத்தினேன். எனக்கு வழி உண்டா? மீண்டும் 5,000 ரூபாய்க்குள் வாங்கினால் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: வழி நிச்சயமாக உண்டு. கண்ணாடியை அளவுக்கு வெட்டி, சிலிக்கான் பசையால் ஒட்டித் தொட்டியாக்கியவர் அந்தக் கடைக்காரரே என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(36)-இன்படி அவர் வெறும் விற்பனையாளர் அல்லர், உற்பத்தியாளரும் ஆவார். ஆகவே 'கம்பெனியைக் கேளுங்கள்' என்று அவர் ஒதுங்கிக்கொள்ள இயலாது. உள்ளூரில் விற்கும் தொட்டிகளில் பெரும்பாலானவை இவ்வாறு கடையிலேயே ஒட்டப்படுபவை என்பதால், இந்த ஒரு செய்தியை நுகர்வோர் ஆணையத்தில் தரும் உங்கள் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

துண்டுச் சீட்டைக் கண்டு அஞ்ச வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும், ரசீது தராமல் விற்பதும் பிரிவு 2(47)-இன்படி நேர்மையற்ற வணிக நடைமுறைகள். ரசீதில் கெடு எதுவும் குறிக்கப்படாதபோது 30 நாள்களுக்குள் திரும்பப் பெற வேண்டும் என்பது சட்டம். நீங்கள் அதற்குள்ளாகவே கேட்டுவிட்டீர்கள். இன்ன தேவைக்கு என்று சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கிய பொருள் அந்தத் தேவைக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்று சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் பிரிவு 16 கூறுகிறது. உடன்படிக்கையின் மூலம் இந்த உரிமையை விலக்கி வைக்க அதே சட்டம் இடம் தருவது உண்மைதான். ஆனால் பணம் செலுத்திய பிறகு கையில் திணிக்கப்பட்ட சீட்டு உடன்படிக்கை ஆகாது என்று நீங்கள் வாதிடலாம். எனவே சீட்டு எப்போது தரப்பட்டது என்பதை மறவாமல் குறிப்பிடுங்கள்.

இழப்பை இரண்டாகப் பிரித்துக் கேட்பது முறை. தொட்டியின் விலையைக் குறையுள்ள பொருளுக்கான பணத்தைத் திரும்பப் பெறும் கோரிக்கையாகவும், இன்வெர்ட்டர் சேதத்தைப் பொருள் பொறுப்பு (குறையுள்ள பொருளால் நேர்ந்த தீங்குக்கான பொறுப்பு) இழப்பீடாகவும் எழுத வேண்டும். ஏனெனில் பொருள் பொறுப்பு என்ற தலைப்பில் அந்தப் பொருளுக்கே நேர்ந்த சேதம் அடங்காது, மற்ற உடைமைகளுக்கு நேர்ந்ததே அடங்கும். இன்வெர்ட்டர் பழுதுபார்த்தவரிடம், தண்ணீர் புகுந்ததே காரணம் என்று எழுதி வாங்குங்கள்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் இப்போதே எண்ணிப் பார்க்க வேண்டும். உங்கள் தொட்டியின் கொள்ளளவு ஏறக்குறைய 190 லிட்டர். கண்ணாடியும் சேர்ந்தால் 200 கிலோவுக்கு மேல் வரும். இவ்வளவு பாரத்தைத் தாங்கும் ஸ்டாண்ட் சமமட்டமாக இல்லாவிட்டால் கண்ணாடி முறுக்கப்பட்டு மூலை ஒட்டு விடும் என்பதால், 'உங்கள் தரை சரியில்லை' என்பார்கள். பொருத்தியவர்கள் கடை ஆட்களே என்பது இதற்குப் போதிய மறுமொழி. இன்னொன்று, ஏர் பம்ப்பைத் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே வைத்திருந்தால், மின்சாரம் நின்றபோது குழாய் வழியே தண்ணீர் பின்னோக்கி வடிந்திருக்கலாம் என்ற வாதமும் எழக்கூடும். பம்ப் இருந்த இடத்தைக் காட்டும் புகைப்படம் ஏதேனும் உங்கள் கைப்பேசியில் இருக்கிறதா என்று தேடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உடைந்த தொட்டியைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். குறையை ஆய்வு செய்துதான் அறிய முடியும் என்ற நிலையில், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38-இன்படி ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதற்கான கட்டணத்தை உங்களைச் செலுத்தச் சொல்லவும் கூடும். கண்ணாடியின் தடிமனையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இந்த உயரத்துக்கு 5 மில்லிமீட்டர் கண்ணாடி போட்டிருந்தால் அதுவே உங்களுக்கு வலுவான சான்று.

மீன்கள் விஷயத்தில் உங்கள் தரப்பு சற்றுப் பலவீனமானது என்பதைச் சொல்லியாக வேண்டும். புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து எழும் அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிரிகள் ஃபில்டரில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் இறந்த மீன்களுக்கு விற்றவரின் குறைதான் காரணம் என்று நிறுவுவது கடினம். ஆனால் அன்றே மீன் விடலாம் என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் நிலைமை மாறும். அந்த உரையாடலையும் ஜிபே பரிமாற்ற விவரத்தையும் அச்செடுத்து, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம், 2023-இன் பிரிவு 63-இல் மின்னணுப் பதிவுகளுக்குக் கூறப்பட்ட சான்றிதழுடன் இணையுங்கள்.

முதலில் ஸ்பீடு போஸ்ட்டில், சேர்ப்பித்ததற்கான சான்றுடன், 15 நாள் அவகாசம் தந்து அறிவிப்பு அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். பயனில்லையெனில், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நேரிலோ, இணையவழிப் புகாருக்கான அரசின் இ-ஜாக்ருதி தளத்திலோ புகார் தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. கால வரம்பு 2 ஆண்டுகள். பொருளின் விலையைப் போலப் பல மடங்கு மன உளைச்சல் இழப்பீடு கேட்பதால் வழக்கு வலுவடைவதில்லை. நியாயமான தொகையைக் கேளுங்கள்.

அடுத்த தொட்டிக்கு வருவோம். 5,000 ரூபாய்க்குள் என்றால் 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடி அளவே உகந்தது. சுமார் 57 லிட்டர் பிடிக்கும், பாரமும் அடங்கும். கிண்ணத்தில் கோல்டு ஃபிஷ் விடும் யோசனை மலிவாகத் தோன்றினாலும் அந்த உயிர்களுக்குக் கொடுமை. பணத்தைக் கண்ணாடிக்கும் ஸ்டாண்டுக்கும் செலவிடுங்கள், பொம்மைகளுக்கும் பல வண்ண விளக்குக்கும் அல்ல. ஏர் பம்ப்பில் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் சில நூறு ரூபாயில் கிடைக்கும். கப்பி, மோலி போன்ற மீன்களுக்குச் சென்னை வெயிலில் ஹீட்டர் தேவைப்படாது. தொட்டி இணையும் மின் இணைப்பில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் கைவிடுபவர்கள் உங்கள் பிள்ளைகள் என்பதால் இதில் சிக்கனம் கூடாது. கடையிலேயே ஒரு நாள் முழுதும் நீர் நிரப்பி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தொட்டியின் அளவு, கண்ணாடியின் தடிமன், ஸ்டாண்ட் தாங்கும் எடை, ஃபில்டரின் பெயர், கசிவுக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்பவற்றைக் கடைப் பெயரும் தேதியும் கையொப்பமும் உள்ள ரசீதில் எழுதித் தந்த பிறகே பணம் கொடுங்கள். எழுதித் தர மறுத்தால் வேறு கடைக்குச் செல்லுங்கள்.