கல்யாண வீடியோ வேலையை விட்டுவிட்டு ஆவணப்படம் எடுக்கலாமா?

கேள்வி: விஸ்காம் முடித்துவிட்டு, திருநெல்வேலியில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோவில் எடிட்டராக இருக்கிறேன். என் அத்தை தூத்துக்குடி பக்கம் உப்பளத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறார். அந்த மக்களின் உரிமை பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்க வேண்டும், தொடர்ந்து இப்படிப்பட்ட படங்களையே எடுக்க வேண்டும் என்று ஆசை. வேலையை விட்டுவிடலாமா? இதில் சம்பாதிக்க முடியுமா? அப்பா 'பேங்க் எக்ஸாம் எழுது' என்கிறார். போலீஸ் கேஸ் ஏதும் வருமோ என்று அம்மாவுக்குப் பயம். ஆரம்பத்துக்கு எந்தக் கேமரா வாங்கலாம்?
– பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்:

தம்பி, வேலையை விடாதீர்கள். உங்கள் ஆசையைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் படத்தை எடுத்து முடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

மனித உரிமைப் படம் எடுத்து, அந்தப் படத்தாலேயே வீட்டு வாடகை கட்டுகிறவர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. மற்றவர்கள் கல்லூரியில் வகுப்பெடுப்பார்கள், விளம்பரப் படங்களுக்கு எடிட் செய்வார்கள், தொண்டு நிறுவனங்களுக்குப் பத்து நிமிட வீடியோ எடுத்துக் கொடுப்பார்கள். ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவின் பெர்தா நிதி, அமெரிக்காவின் சன்டான்ஸ் நிதி என்று வெளிநாட்டு உதவிகளும் உண்டு. ஆனால் கையில் கொஞ்சம் காட்சிகளாவது இல்லாமல் அங்கே போய் நிற்பது கஷ்டம். தவிர, உலகம் முழுவதிலிருந்தும் வந்து வரிசையில் நிற்கிறார்கள்.

ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தனைப் பற்றி வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அயோத்தி ராமர் கோயில் இயக்கத்தைப் பற்றிய அவருடைய 'ராம் கே நாம்' 1992-இல் வந்தது, தேசிய விருதும் வாங்கியது. ஒரு கையால் விருது கொடுத்த அரசு, இன்னொரு கையால் தூர்தர்ஷனின் கதவைச் சாத்தியது. நீதிமன்றத்துக்குப் போய்த்தான் ஒளிபரப்ப வைத்தார். அணுகுண்டுச் சோதனைகளைப் பற்றிய 'ஜங் அவுர் அமன்' படத்தில் தணிக்கை வாரியம் வெட்டுகள் கேட்டது. 2003-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் போய், வெட்டு இல்லாமல் வெளியே கொண்டுவந்தார். இந்த நீதிமன்றக் கதைகளைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு.

1997 ஜூலையில் மும்பை ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டார்கள். எதிர்த்துத் திரண்ட மக்கள் மீது போலீஸ் சுட்டதில் பத்துப் பேர் செத்தார்கள். அதைத் தாங்க முடியாமல் சில நாளில் தூக்கில் தொங்கியவர் பாடகர் விலாஸ் கோக்ரே. பட்வர்தனின் 1985-ஆம் வருடப் படத்தில் பாடியவர் அவர். அதாவது, பட்வர்தனுக்கு அது செய்தியில் படித்த சாவு இல்லை, பழகிய மனிதரின் சாவு. அப்போது படமெடுக்க ஆரம்பித்தவர், சுட உத்தரவிட்ட போலீஸ் அதிகாரி மீதான வழக்கு நகர நகரப் பின்னாலேயே போனார். 'ஜெய் பீம் காம்ரேட்' வெளிவந்தது 2011-இல். பதினான்கு வருடம்! எந்த ஸ்பான்சர் அதுவரை காத்திருப்பார்? அடுத்த மார்ச்சுக்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்பவரிடம் காசு வாங்கியிருந்தால், தீர்ப்பு வருவதற்கு வெகுகாலம் முன்பே படம் முடிந்திருக்கும். பெரும்பாலும் சொந்தக் காசிலும் படப் பிரதி விற்ற காசிலும் ஓட்டியதால்தான் அவரால் காத்திருக்க முடிந்தது.

இந்தத் தொழிலில் கேமராவைவிட விலை கூடியது காத்திருக்கும் வசதி. அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள்தான் கவனிக்கவில்லை. ஸ்டூடியோக்காரர்களுக்கு ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. உப்பளத்தில் தை பிறந்த பிறகு பாத்தி மிதித்துச் சரிசெய்ய ஆரம்பித்தால், ஐப்பசி மழையில் அளம் மூழ்கும்வரை வேலை. ஆடியில் உப்பு வாருவது மும்முரமாக நடக்கும், அப்போது போங்கள். மார்கழியில் அத்தையும் அக்கம்பக்கத்தாரும் வேலையில்லாமல் வீட்டில் இருப்பார்கள். மழைக்கால நிவாரணமாக அரசு தரும் ஐயாயிரம் ரூபாய் எத்தனை நாளுக்கு வருகிறது, மளிகைக் கடைப் பாக்கி எவ்வளவு, அடுத்த வருடக் கூலிக்கு யாரிடம் முன்பணம் வாங்குகிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் பேச்சில் வரும். வெள்ளை உப்பு மேட்டையும் வெடித்த காலையும் எடுக்க எல்லோரும் போகிறார்கள். மார்கழி மாதத்து வீட்டை எடுக்க யாரும் போவதில்லை. என்னைக் கேட்டால் உங்கள் படம் அங்கேதான் இருக்கிறது. இப்படி இரண்டு மூன்று வருடம் போய்வாருங்கள்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அது வீண் பயம் இல்லை. மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றி 'கக்கூஸ்' எடுத்த திவ்யபாரதியை, படம் வந்த 2017-ஆம் வருடமே, 2009-ஆம் வருடப் போராட்ட வழக்கு ஒன்றைத் தூசிதட்டி எடுத்துக் கைது செய்தார்கள். அன்றே ஜாமீனில் வந்துவிட்டார் என்றாலும், பல ஊர்களில் திரையிட அனுமதி கிடைக்கவில்லை. பிறகு படம் யூடியூபுக்கு வந்தது. பொது இடத்தில் திரையிட ஆவணப்படத்துக்கும் தணிக்கைச் சான்று வேண்டும், இது 1952-ஆம் வருடச் சட்டம். அதனால் தெரிந்த வக்கீல் ஒருவரின் நம்பரை போனில் வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள்.

ஆனால் அம்மா உங்களுக்காகப் பயப்படுகிறார். நான் அத்தைக்காகப் பயப்படுகிறேன். உங்கள் மேல் கேஸ் வந்தால் நாலு பேர் கண்டன அறிக்கை விடுவார்கள். 'உன் மருமகன்தானே வீடியோ எடுத்தான், நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று அளத்தில் சொல்லிவிட்டால் அத்தைக்கு யார் அறிக்கை விடுவார்கள்? இந்தோனேசியாவில் 1965-66-இல் நடந்த படுகொலைகளைப் பற்றிய 'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்' படத்தின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். இணை இயக்குநரில் ஆரம்பித்து, உள்ளூர்க்காரர்கள் பலருக்குப் பெயரே இருக்காது, 'பெயர் வெளியிடாதவர்' என்றுதான் வரும். உலகம் சுற்றி விருது வாங்கிய படம் அது.

அதனால் முகம் காட்டலாமா, குரல் மட்டும் போதுமா, அளத்தின் பெயர் வேண்டுமா என்பதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருமுறை சரி என்றவர் எடிட் முடிந்த பிறகு வேண்டாம் என்றால், அந்தக் காட்சியை நீக்கிவிட வேண்டியதுதான். அது உங்கள் படத்திலேயே நல்ல காட்சியாக இருந்தாலும் சரி. வெளியே காட்டும் முன் அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். 2022-இல் ஆஸ்கர் பரிந்துரை வரை போன 'ரைட்டிங் வித் ஃபயர்' படம் 'கபர் லஹரியா' பத்திரிகைப் பெண்களைப் பற்றியது. விழாவுக்குச் சில நாள் முன்பு அந்தப் பெண்களே, படம் தங்கள் கதையில் ஒரு பகுதியை மட்டும் சொல்லி மொத்தத்தையும் மாற்றிக் காட்டுகிறது என்று அறிக்கை விட்டார்கள். யார் பக்கம் நியாயம் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. உங்களுக்கு அப்படி ஒரு புகார் வருவதானால், அது அத்தை வீட்டுத் திண்ணையிலேயே வந்துவிடட்டும்.

அப்பாவிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம். ஸ்டூடியோ சம்பளம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தால் பேங்க் எக்ஸாம் பேச்சு தானாகக் குறையும்.

கேமரா இப்போதைக்கு வேண்டாம். ஸ்டூடியோ கேமரா ஆடியில் சும்மாதான் கிடக்கும், வாடகைக்குக் கேளுங்கள். முதல் காசில் சட்டையில் குத்தும் லேப்பல் மைக் இரண்டும், அவற்றுக்குக் காற்றுச் சத்தத்தைத் தடுக்கும் உறையும் வாங்குங்கள். உப்பளக் காற்றில் கேமரா மைக்கை மட்டும் நம்பினால் அத்தை பேசியதில் பாதி கேட்காது. கூசுகிற வெயிலுக்கு, வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் லென்ஸில் வேண்டும். தினமும் வேலை முடிந்ததும் கேமராவை உலர்ந்த துணியால் துடையுங்கள், உப்பு ஈரம் பட்டனுக்குள் இறங்கினால் வாடகைக்குக் கொடுத்தவர் சும்மா விடமாட்டார். அப்புறம், ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒன்று உங்களிடம், இன்னொன்று அத்தை வீட்டிலும் வேண்டாம், உங்கள் வீட்டிலும் வேண்டாம். வெளியூரில் இருக்கும் நண்பர் யாரிடமாவது.