சோடா, கலர் பாட்டில் சேகரிப்பு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பழைய சோடா, கலர் (அதாவது குளிர்பானம்) பாட்டில் சேர்ப்பது பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குக் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்துதான் நிறையக் கடிதங்கள். எல்லாருக்கும் பயன்படுகிற கேள்விகளாகச் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அமெரிக்காவில் இருந்த சித்தப்பா 1996 அட்லாண்டா ஒலிம்பிக் சமயத்தில் கொண்டுவந்த கோகோ கோலா நினைவுப் பாட்டில் எங்கள் வீட்டில் திறக்காமலே இருக்கிறது. உள்ளே பானம் கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. குடிக்கலாமா? நல்ல விலை போகுமா?
(வாசகர், காரைக்குடி)

பதில்: குடிக்க வேண்டாம். மூடி திறக்காவிட்டாலும் அதன் உள்ளிருக்கும் மெல்லிய வளையம் வழியாக வாயு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும், வருஷக்கணக்கில் நீரும் ஆவியாகும், நம்மூர் வெயிலுக்கு அது இன்னும் வேகமாக நடக்கும். யாரும் திறந்திருப்பார்களோ என்று சந்தேகப்பட வேண்டாம்.

விலை விஷயத்தில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 1886இல் கோகோ கோலா பிறந்த ஊரே அட்லாண்டாதான். ஒலிம்பிக்கோடு அந்த நிறுவனத்துக்கு 1928 ஆம்ஸ்டர்டாம் போட்டியிலிருந்தே தொடர்பு உண்டு. அப்படியிருக்க, சொந்த ஊரில் ஒலிம்பிக் நடந்தபோது பாட்டிலுக்குப் பஞ்சமா இருந்திருக்கும்? வாங்கியவர்களும் உங்கள் சித்தப்பா மாதிரியே திறக்காமல் எடுத்து வைத்தார்கள். நினைவுப் பாட்டில் என்பதே பத்திரப்படுத்துவதற்காகச் செய்வது, அதனால் அதில் பெரும்பகுதி பிழைத்துவிடுகிறது. குடித்துவிட்டுக் கடையில் திருப்பிக் கொடுத்த சாதாரண கலர் பாட்டில்தான் உடைந்தும் உருக்கப்பட்டும் காணாமல் போனது. தேடிப் போக வேண்டியது அதைத்தான் என்பது என் கட்சி.

உங்கள் பாட்டிலை நிற்க வைத்தே வையுங்கள். படுக்க வைத்தால் பானம் மூடியில் பட்டுத் துரு ஏறும். மாடியில் ஓட்டுக்கு அடியில் வேண்டாம், கீழே வெயில் படாத அறை நல்லது. சித்தப்பா அதை எங்கே, எப்போது வாங்கினார் என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வைத்துவிடுங்கள்.

கேள்வி: பழைய வீட்டில் மூன்றாம் கட்டுச் சாமான் அறையை ஒதுங்க வைத்தபோது சில கோலி சோடா பாட்டில்களும், ஆங்கில எழுத்து பொறித்த கனமான பச்சைப் பாட்டில் ஒன்றும் கிடைத்தன. எங்கள் ஐயா (தாத்தா) மலாயாவில் பினாங்கில் கொண்டுவிற்றவர், அதாவது கடல் கடந்து போய்த் தொழில் செய்தவர். வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆசிட் போட்டுக் கழுவலாமா?
(வாசகி, தேவகோட்டை)

பதில்: ஆசிட்டை மட்டும் தொடாதீர்கள் அம்மா. பாட்டிலில் வண்ண எழுத்து இருந்தால் அது போய்விடும், உங்கள் கைக்கும் மூச்சுக்கும் கெடுதல். வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு சோப்பு, உள்ளே ஒரு பிடி அரிசி போட்டு மெதுவாகச் சுழற்றுங்கள், பாதி அழுக்கு அதிலேயே வந்துவிடும். மணலைப் போட்டுக் குலுக்கினால் கண்ணாடி கீறிப்போகும். போர் தண்ணீரில் ஊற வைத்தால் உப்புக் கறை புதிதாகப் படியும், குடிக்கிற தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கழுவினாலும் பால் மாதிரி ஒரு மங்கல் போகவில்லை என்றால் விட்டுவிடுங்கள், ஈரத்தில் வெகுகாலம் கிடந்து கண்ணாடியே அரித்துப்போன தடம் அது.

பச்சைப் பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், பக்கவாட்டில் அச்சின் இணைப்புக் கோடு தெரியும். அது வாயின் விளிம்பு வரைக்கும் ஏறினால் இயந்திரத்தில் செய்தது. கழுத்திலேயே மறைந்துவிட்டால் வாயைக் கையால் முடித்த பழைய பாட்டிலாக இருக்கலாம். கோலி பாட்டிலுக்கு இந்தச் சோதனை பொருந்தாது, ஏனென்றால் கோலியை உள்ளே போட்ட பிறகுதான் அதன் வாயைக் குறுக்கி முடிப்பார்கள். 1872இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய அமைப்பு அது. தலைகீழாகப் பிடித்து நிரப்புவார்கள், வாயுவின் அழுத்தம் கோலியை ரப்பர் வளையத்தில் தள்ளி அடைத்துவிடும், குடிக்கச் சாய்க்கும்போது கோலி மறுபடி வாய்க்கு உருண்டு வராமல் கழுத்தில் இருக்கும் இரண்டு பள்ளங்கள் பிடித்துக்கொள்ளும். உங்கள் பாட்டில்களில் அந்த ரப்பர் வளையம் இறுகி ஒட்டியிருந்தால் பிடுங்காதீர்கள்.

பொறித்த எழுத்து என்ன என்று நீங்கள் எழுதவில்லை. பிரேசர் அண்ட் நீவ் என்று இருந்தால் அது 1883இல் சிங்கப்பூரில் சோடா கம்பெனியாகத் தொடங்கிய நிறுவனம். மலாயாவில் கடை வைத்திருந்த வீட்டில் அந்தப் பாட்டில் கிடைப்பதில் ஆச்சரியமே இல்லை. ஐயா எந்த ஊரில், எந்த வருஷம் வரை இருந்தார் என்பதை வீட்டில் மூத்த ஆச்சி யாராவது இருந்தால் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். கண்ணாடியை நூறு வருஷம் கழித்துக்கூடச் சோதித்துப் பார்க்கலாம், ஆச்சிக்குத் தெரிந்ததை அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது?

கேள்வி: 1983 கிரிக்கெட் உலகக் கோப்பை வெற்றிக்காக இந்தியாவில் வெளியிட்ட கோகோ கோலா பாட்டில் என்று சொல்லி ஒருவர் வீட்டுக்கே கொண்டுவந்து காட்டினார். பெரிய தொகை கேட்கிறார். வாங்கலாமா?
(வாசகர், பள்ளத்தூர்)

பதில்: வாங்காதீர்கள். அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு இணங்க மறுத்து 1977இல் இந்தியாவை விட்டுப் போன கோகோ கோலா 1993இல்தான் ஆக்ரா வழியாகத் திரும்பி வந்தது. 1983இல் இங்கே அவர்கள் பாட்டில் நிரப்பவே இல்லை. 1982 டெல்லி ஆசியப் போட்டி, 1987 உலகக் கோப்பை என்று யாராவது வந்தாலும் இதே பதில்தான்.

வேறு பாட்டில் கொண்டுவந்தால் ஒன்று பாருங்கள். கடைக்கும் கம்பெனிக்கும் போய்வந்த பாட்டிலில், மரப்பெட்டியிலும் இயந்திரத்திலும் உரசி, தோளிலும் அடியிலும் சொரசொரப்பான வெள்ளை வளையம் விழுந்திருக்கும். அந்த உரசலுக்கு மேலே பெயிண்ட் பளபளவென்று ஏறியிருந்தால் எழுத்து பிற்பாடு போட்டது. சூளையில் சுட்டு ஏற்றிய எழுத்து நகத்தால் சுரண்டினால் வராது.

கேள்வி: பாட்டிலெல்லாம் பட்டாலையில் நிற்கிறது என்று வீட்டில் ஆச்சி தினமும் சத்தம் போடுகிறார்.
(வாசகர், கோட்டையூர்)

பதில்: ஆச்சி சொல்வது நியாயம். பட்டாலை நாலு பேர் வந்து உட்காருகிற இடம். ஒரே மாதிரி இருப்பதில் நல்லதாக ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன், கையில் காசு இல்லை. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?
(மாணவர், புதுவயல்)

பதில்: உள்ளூரிலிருந்து. 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க், அவர்களுடைய பொவண்டோ, அப்புறம் ஒவ்வொரு ஊரிலும் இருந்த சின்னச் சின்ன சோடா கம்பெனிகள். கல்யாண வீடுகளில் பந்திக்கு முன்னால் கலர் கொடுத்த காலத்துப் பாட்டிலும் மூடியும் லேபிளும் இன்னும் பழைய வீடுகளிலும் காயலான் கடைகளிலும் கிடக்கின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கும் போங்கள், வாங்காவிட்டாலும் கேட்டுவிட்டுப் படமாவது எடுத்துக்கொள்ளலாம்.

லேபிளில் இருக்கும் முகவரியை ஊன்றிப் படியுங்கள், பெரும்பாலும் வயது அதில்தான் இருக்கும். சென்னை ராஜ்யம் என்று இருந்தால் 1969க்கு முன்னால் அச்சடித்தது. பின்கோடு இருந்தால் 1972க்குப் பிறகு. காரைக்குடிக்கு இராமநாதபுரம் மாவட்டம் என்று போட்டிருந்தால் 1985க்கு முந்தியதாக இருக்க வேண்டும், பசும்பொன் மாவட்டம் என்றால் 1985க்கும் 1997க்கும் நடுவில், சிவகங்கை மாவட்டம் என்றால் அதற்கும் பிறகு. பழைய லேபிள் கட்டைத் தீரும்வரை ஒட்டியிருப்பார்கள், அதனால் ஒன்றிரண்டு வருஷம் முன்பின் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் சோடா கம்பெனி நடத்திய குடும்பம் ஏதாவது இருந்தால் முதலில் அங்கே போய்ப் பேசுங்கள், பாட்டிலைக் கேட்பது இரண்டாவது தடவை போகும்போது.