அரிப்புக்குப் போனால் குனிந்து பாருங்கள்

"பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை மன்னார்ப் பக்கம் கூட்டிப்போக நினைக்கிறோம். மடுவும் திருக்கேதீச்சரமும் பார்த்தாயிற்று. அரிப்பில் ஒரு கோட்டை இருக்கிறதாம். ஒரு நாள் மினக்கெட்டுப் போகிற அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது, ஐயா?"
(வாசகி ஒருவர், வவுனியா)

தங்கச்சி, நான் பிறந்த ஊரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு நாள் போதாது.

மன்னார் வீதியில் தள்ளாடியில் திரும்பி வங்காலை வழியாகத் தெற்கே வாருங்கள். வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. வாடைக் காலத்தில் வந்தால் பூநாரைகளைக் கூட்டமாகக் காணலாம். அருவியாற்றைத் தாண்டினால் அரிப்பு.

ஊருக்குள் இருப்பது சின்னக் கோட்டைதான். போர்த்துக்கேயர் கட்டினார்கள், பிறகு ஒல்லாந்தர் வைத்திருந்தார்கள். 1660இல் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் 19 வருடத்துக்கு மேல் சிறையிருந்த ரொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், கூட ஒருவரோடு தப்பி, ஆற்றங்கரையைப் பிடித்துக்கொண்டே காடு வழியாக நடந்து 1679 ஒக்டோபரில் வந்து சேர்ந்தது இந்தக் கோட்டைக்குத்தான். அநுராதபுரத்தில் மல்வத்து ஓயா என்று ஓடுகிற ஆறுதான் எங்களுக்கு அருவியாறு. பிள்ளைகளுக்கு வரைபடத்தில் அந்த ஆற்றை விரலால் தடவிக் காட்டிவிட்டுக் கூட்டிவாருங்கள்.

எல்லாரும் படம் எடுக்கிறது கடற்கரையில் நிற்கும் அல்லிராணிக் கோட்டையை. எடுங்கள், வடிவான இடம்தான். ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் குனியுங்கள். ஒரு கை மணலை அள்ளி விரலிடுக்கால் வடிய விடுங்கள். உள்ளங்கையில் மிஞ்சுவதில் பாதி, சிப்பியின் உடைசல். வெளிப்பக்கம் மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். திருப்பினால் உட்பக்கம் பளிச்சென்று மின்னும். வெயிலுக்குச் சரித்துப் பிடித்தால் மெல்லிய பச்சையும் ஊதாவும் ஓடும். முத்துக்குளித்த காலத்து மிச்சம் அது.

1905இல் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் குளியாட்கள் வந்து இறங்க, தெற்கே மறிச்சுக்கட்டியில் ஓலைக்கொட்டில்களால் ஒரு பட்டணமே எழும்பியது. குளிக்கிறவர் கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு ஐந்து முதல் பத்துப் பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழத்துக்கு இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிடந்தான். கயிறு அசைந்ததும் மேலே இருப்பவர் இழுத்துவிட வேண்டும். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டி இல்லாமல் ஆட்கள் கடலில் இறங்கமாட்டார்கள். உயிரைப் பணயம் வைத்து எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. மற்ற ஒரு பங்கைத்தான் குளித்தவர்களும் கயிறு இழுத்தவர்களும் பகிர்ந்துகொண்டார்கள்.

என் அப்பாச்சியின் தகப்பனார் அப்படிக் கயிறு பிடித்தவர். அப்பாச்சிக்கு அப்போது ஏழெட்டு வயது. சிப்பியை உடனே உடைக்கமாட்டார்கள். அழுக விட்டு, புழு தின்ற பிறகு வள்ளத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவி முத்தைத் தேடுவார்கள். "காற்று எங்கட பக்கம் திரும்பினால் சோறு இறங்காது" என்று அந்த நாற்றத்தைப் பற்றித்தான் அப்பாச்சி சொல்வா. முத்தைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை. அவ கண்டதும் இல்லை. எங்கள் குசினியில் சட்டியில் அடிப்பிடித்த சோற்றைச் சுரண்ட ஒரு சிப்பி ஓடு இருந்தது, அவ்வளவுதான்.

1990இல் அயல் முஸ்லிம் ஊர்ச் சனத்தை வெளியேற்றினார்கள், 2007இல் நாங்களும் ஊரை விட்டு எழும்பினோம். அந்தச் சிப்பி ஓடும் எங்கேயோ போய்விட்டது. அதனால்தான் கரையில் கிடப்பதைக் காணும்போது எனக்குக் காலை வைக்க மனம் வருவதில்லை.

"அரிப்புக் கடற்கரைக் கோட்டையை அல்லிராணி கட்டியது உண்மையா?"
(ஒரு மாணவன், மாங்குளம்)

இல்லைத் தம்பி. பிரித்தானியரின் முதல் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை பார்க்கத் தனக்குக் கட்டிய மாளிகை அது. 1801க்கும் 1804க்கும் இடையில் எழும்பியது. கிரேக்கப் பாணித் தூண் வைத்ததால் ஆங்கிலத்தில் டொரிக் என்பார்கள். அல்லி ஆண்டதாகச் சனம் சொல்கிற குதிரைமலை இன்னும் தெற்கே இருக்கிறது. ஆனால் யாராவது தேசாதிபதி பெயரைச் சொல்லி வழி கேட்டால் ஊரில் ஒருவருக்கும் விளங்காது. அல்லிராணி என்றால் சின்னப் பிள்ளையும் கைகாட்டும். அந்தப் பெயரை விட்டுவிடாதே.

"இப்போதும் அங்கே முத்து எடுக்கிறார்களா?"
(வாசகர் ஒருவர், கிளிநொச்சி)

இல்லை. 1906இல் லண்டன் கம்பனி ஒன்றுக்குப் பார்களை, அதாவது சிப்பி விளையும் கடலடித் திட்டுகளை, 20 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருடத்தோடு சிப்பி அற்றுப்போய்க் கம்பனியும் நொடித்தது. இடையில் 1925இல் ஒரு குளிப்பு நடந்தது. இப்போது அந்தக் கடலில் மீனும் நண்டும்தான் எங்கள் சனத்துக்குச் சோறு போடுகின்றன.

வவுனியாத் தங்கச்சிக்கு இன்னும் ஒன்று. மாசி, பங்குனியில் லீவு கிடைத்தால் அப்போது வாருங்கள். வாடை ஓய்ந்திருக்கும், தென்மேற்குக் காற்றான சோளகம் இன்னும் எழும்பியிராது. அந்தக் காலத்தில் குளிப்பு நடந்ததும் அந்த இடைவெளியில்தான். அல்லிராணிக் கோட்டைச் சுவரின் ஒரு பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது, பிள்ளைகளை அதில் ஏற விடாதீர்கள். அங்கே நிழலும் இல்லை. தண்ணீர் கொண்டுவாருங்கள்.