வாசகர் கேள்வி–பதில்: ஒரு பாத அளவில் போன கோப்பை

கிரிக்கெட்டையும் கபடியையும் பற்றியே கடிதங்கள் வரும் இந்தப் பகுதிக்கு, 2025 அக்டோபருக்குப் பிறகு அமெரிக்க பேஸ்பால் பற்றிய கடிதங்கள் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டன. பிள்ளைகள் டொராண்டோவிலும் சியாட்டிலிலும் வேலை பார்க்க, பெற்றோர் நெல்லையிலும் தென்காசியிலும் இருந்துகொண்டு அவர்களோடு பேச ஒரு விஷயம் வேண்டும் என்று ஆட்டம் பார்க்கத் தொடங்கி, இப்போது பிள்ளைகளைவிட அதிகமாக வாதிடுகிறார்கள். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஐயா, டொராண்டோ ப்ளூ ஜேஸ் அணி வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டத்தில் தோற்றதற்கு, மூன்றாம் பேஸில் நின்ற கைனர்-ஃபலேஃபா பேஸை விட்டு நகராமல் ஒட்டிக்கொண்டு நின்றதே காரணம் என்கிறேன் நான். அங்கே இருக்கும் என் மகன், அது வெறும் துரதிர்ஷ்டம் என்கிறான். தீர்ப்புச் சொல்லுங்கள்.
*– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், பாளையங்கோட்டை*

பார்க்காத வாசகர்களுக்காக அந்தக் கட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேர்ல்ட் சீரிஸ் என்பது பேஸ்பாலின் இறுதித் தொடர், நான்கு ஆட்டம் வெல்பவருக்குக் கோப்பை. அடித்தவர் மூன்று பேஸ்களைக் கடந்து ஹோம் என்ற தட்டைத் தொட்டால் ஒரு ரன். இன்னிங்ஸின் மேல்பாதியில் ஒரு அணியும் கீழ்பாதியில் மற்றதும் அடிக்கும், மூன்று அவுட்டோடு ஒரு பாதி முடியும். நவம்பர் 1 இரவு டொராண்டோவில் தொடங்கிய ஆட்டம் நமக்கு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. ஒன்பதாவது இன்னிங்ஸின் மேல்பாதியில், டொராண்டோ 4–3 என்று முன்னணியில் இருந்து இன்னும் இரண்டே அவுட் எடுத்தால் கோப்பை என்ற நிலையில், எதிரணியான லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் மிகேல் ரோஹாஸ் ஹோம் ரன் (நம் சிக்சர் போன்ற அடி) அடித்துச் சமன் செய்தார். கீழ்பாதியில் டொராண்டோவுக்கு ஒரு அவுட், மூன்று பேஸிலும் ஆள். டொராண்டோவின் வார்ஷோ தரையோடு அடித்த பந்தை அதே ரோஹாஸ் தடுமாறிப் பிடித்து ஹோமுக்கு எறிந்தார். மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது, ஓடுபவர் வருமுன் பந்தோடு தட்டை மிதித்தாலே அவுட். கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் போன்றவர்) வில் ஸ்மித்தின் பாதம் தட்டில் பதிந்ததற்கும் கைனர்-ஃபலேஃபாவின் கால் சறுக்கி வந்து தொட்டதற்கும் இடையில் ஒரு பாத அளவுகூட இல்லை. ரீப்ளே பார்த்தும் அவுட் என்பது மாறவில்லை. அடுத்த அடி உயரே போய், ஓடிவந்த இருவர் மோதிக்கொண்ட நிலையிலும் ஒருவர் கையில் பிடிபட்டது. பதினோராவது இன்னிங்ஸில் ஸ்மித்தே ஹோம் ரன் அடிக்க, ஆட்டம் 5–4 என்று முடிந்தது.

பேஸை விட்டு இன்னும் இரண்டு அடி முன்னால் நின்றிருந்தால் அவர் சேஃப் ஆகியிருப்பார் என்பதில் ஐயமில்லை. நீங்கள் கண்ணால் கண்டது சரிதான். ஆனால் அதற்கு முந்தைய இரவு, ஆறாவது ஆட்டம் எப்படி முடிந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் பேஸிலிருந்து சற்றுத் தூரம் போய்விட்ட பார்ஜர், பந்து காற்றிலேயே பிடிபட்டதும், அப்போது பேஸுக்குத் திரும்பியாக வேண்டும் என்ற விதிப்படி திரும்பி வர முடியாமல் அவுட்டாகி, அந்த இரட்டை அவுட்டோடுதான் டொராண்டோ 3–1 என்று தோற்றது. ஒரு நாள் முன்பு முன்னால் போனவனைத் திட்டிய வாய்தான் மறுநாள் பின்னால் நின்றவனைத் திட்டுகிறது. மூன்றாம் பேஸில் நிற்பவர் நேர்கோட்டில் பறக்கும் பந்துக்கு அகப்பட்டுக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்பது அப்போதைய எச்சரிக்கை. அதற்குக் கட்டுப்பட்டு நின்றவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் மகன் பக்கமும் முழுதாகச் சாய மாட்டேன். அதே இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் சார்பில் பந்து வீச வந்த யோஷினோபு யமமோட்டோ, முந்தைய இரவில்தான் ஆறு இன்னிங்ஸ் வீசியிருந்தார். ஒரு முறை அப்படி வீசியவருக்கு வழக்கமாக நான்கைந்து நாள் ஓய்வு உண்டு. அவர் மறுநாளே வந்து, எட்டு அவுட் எடுத்து, ஆட்டத்தை முடித்துவைத்தார். தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே போயிற்று. எதிராளியின் திறமையைத் துரதிர்ஷ்டம் என்று பெயர் மாற்றிவிடக் கூடாது.

ஒரு கணக்கை மட்டும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஏழு ஆட்டங்களிலும் சேர்த்து டொராண்டோ எடுத்த ரன்கள் 34, டாட்ஜர்ஸ் எடுத்தவை 26. தோற்ற அணிதான் அதிகம் எடுத்திருக்கிறது.

என் மகள் குடும்பம் சியாட்டிலில் இருக்கிறது. மாரினர்ஸ் அணி டொராண்டோவிடம் தோற்ற நாளிலிருந்து மருமகன் சரியாகச் சாப்பிடவில்லையாம். மேனேஜரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்கிறார். நியாயம்தானா?
*– இல்லத்தரசி, தென்காசி*

மருமகனுடைய கோபத்தில் பாதி நியாயம். வேர்ல்ட் சீரிஸுக்கு முந்தைய சுற்றில், அக்டோபர் 20 அன்று நடந்த ஏழாவது ஆட்டத்தில் சியாட்டில் ஏழாவது இன்னிங்ஸ் வரை 3–1 என்று முன்னிலையில் இருந்தது. இரண்டு பேர் பேஸில் இருக்க, ஜார்ஜ் ஸ்பிரிங்கர் அடிக்க வருகிறார். ஆட்டத்தின் தலையெழுத்து அந்த ஒரு ஆளிடம் இருக்கிறது என்பது பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. அந்த இடத்தில் மேனேஜர், அதாவது தலைமைப் பயிற்சியாளர், டான் வில்சன் தம்முடைய முதன்மையான குளோசர் (கடைசியில் வந்து ஆட்டத்தை முடித்துவைக்கும் பந்துவீச்சாளர்) முனியோஸைக் கூப்பிடாமல் பஸார்டோவைக் கூப்பிட்டார், ஸ்பிரிங்கர் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார், 4–3. ஒன்பதாவது இன்னிங்ஸுக்கென்று சிறந்த ஆளைப் பொத்திப் பொத்தி வைப்பது பழைய வழக்கம். தோற்றால் நாளைக்கு ஆட்டமே இல்லை என்கிற இரவில் அந்த வழக்கத்துக்குப் பொருள் கிடையாது என்பதே என் கருத்தும். முந்தைய விடையில் ஓடியவரை விட்டுவிட்டு இங்கே மேனேஜரைப் பிடிக்கிறேனே என்று கேட்பீர்கள். ஓடியவருக்கு முடிவெடுக்க நொடிகள்தான் இருந்தன. வில்சனுக்கு நேரம் இருந்தது.

ஆனால் வீட்டுக்கு அனுப்புவது வேறு. 1977இல் தொடங்கிய அந்த அணி இதுவரை ஒருமுறைகூட வேர்ல்ட் சீரிஸை எட்டிப் பார்த்ததில்லை. இப்போதுள்ள 30 அணிகளில் அந்தக் குறை அதற்கு மட்டும்தான். 2001இல் 116 ஆட்டங்களை வென்றும் நடுவழியில் யாங்கீஸிடம் தோற்று, அதன்பின் 2022 வரை பிளே ஆஃப் வாசலையே மிதிக்கவில்லை. அப்படிப்பட்ட அணியை, கேட்சர் கால் ராலி 60 ஹோம் ரன் அடித்த ஆண்டில், இறுதிக்கு ஒரு ஆட்டம் முன்பு வரை கொண்டுவந்தவர் வில்சன். ஒரு தவறான அழைப்புக்காக அவரைத் துரத்தினால், அடுத்து வருகிறவர் தவறே செய்யமாட்டார் என்று மருமகன் எழுதிக் கொடுப்பாரா? சாப்பிடச் சொல்லுங்கள், அம்மா.

162 ஆட்டம் ஆடி முதலிடம் பிடித்த மில்வாக்கி, நான்கே ஆட்டத்தில் வெளியேறுவது என்ன முறை?
*– கல்லூரி மாணவர், மேலப்பாளையம்*

97 வெற்றிகளோடு அந்த ஆண்டில் எல்லா அணிகளுக்கும் மேலே நின்றது மில்வாக்கி ப்ரூவர்ஸ். அதோடு, வழக்கமான பருவத்தில் டாட்ஜர்ஸை ஆறு முறை சந்தித்து ஆறு முறையும் வென்றது. பிளே ஆஃபில் அதே டாட்ஜர்ஸிடம் நான்கு ஆட்டமும் தோற்றது. நான்கிலும் ஆட்டத்துக்கு ஒரு ரன்தான் எடுத்தது. கடைசி ஆட்டத்தில் ஷோஹேய் ஓதானி ஆறு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசி, பத்துப் பேரைப் பந்தை அடிக்கவே விடாமல் ஸ்டிரைக் அவுட் செய்து, தாமே மூன்று ஹோம் ரன்னும் அடித்தார். இப்படி ஒருவர் ஆடும் நாளில் எந்த முறை வைத்தாலும் தோல்விதான்.

முறையைப் பொறுத்தவரை, 2022 முதல் 12 அணிகள் பிளே ஆஃபுக்கு வருகின்றன. முதல் சுற்று மூன்று ஆட்டத் தொடர், அடுத்தது ஐந்து, பிறகு இரண்டு சுற்றுகள் ஏழு. ஐபிஎல்லில் 14 ஆட்டம் ஆடிவிட்டு ஒரே இரவில் இறுதி ஆட்டத்தை முடிக்கும் நம்மைவிட இது பொறுமையானது. நீண்ட பருவத்தில் ஐந்து பிட்சர்களை (பந்துவீச்சாளர்களை) சுழற்றி நிதானமாக வெல்லும் அணிக்கும், குறுகிய தொடரில் இரண்டு மூன்று மேதைகளை வைத்துக்கொண்டு வெல்லும் அணிக்கும் வேறுபாடு உண்டு. மில்வாக்கி முதல் வகை. சங்கர் நகர் மைதானத்தில் 2023 டிஎன்பிஎல் இறுதி ஆட்டத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆண்டு முழுவதும் நம்மை மகிழ்வித்த நெல்லை ராயல் கிங்ஸ், சொந்த மண்ணிலேயே கோவையிடம் 104 ரன் வித்தியாசத்தில் தோற்றது.

ஆக்கி பயிற்றுவிக்கிறேன். வேண்டுமென்றே தோற்று, அடுத்த ஆண்டு டிராஃப்டில் நல்ல இளைஞர்களை முதலில் எடுத்துக்கொள்வது அங்கே ஒரு வழியாமே?
*– கோவில்பட்டி*

ஒரு காலத்தில் நன்றாகவே நடந்த வழி. டிராஃப்ட் என்பது புதிய இளைஞர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது, அப்போது கடைசியில் வந்த அணிக்கே முதல் தேர்வு. ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011இல் 106, 2012இல் 107, 2013இல் 111 என்று ஆட்டங்களைத் தோற்றுத்தள்ளி, 2012, 2013, 2014 ஆகிய மூன்று டிராஃப்டுகளிலும் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றது. 2017இல் கோப்பையும் வென்றது. இதைச் சொல்லிச் சொல்லியே பல முதலாளிகள் வீரர்களுக்கான செலவைக் குறைத்தார்கள். ஆனால் அந்த மூன்று முதல் தேர்வுகளில் 2017 அணியில் ஆடியவர் கார்லோஸ் கொரேயா ஒருவர் மட்டுமே. ஒருவர் ஹியூஸ்டனுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. மற்றவர் ஒப்பந்தமே செய்துகொள்ளவில்லை. அந்த ஆண்டு எதிரணியின் சைகைகளைக் கேமரா வைத்துத் திருடியது பிறகு அம்பலமாகி, 2020இல் 50 லட்சம் டாலர் அபராதம் கட்டியது தனிக்கதை.

இப்போது முதல் தேர்வு குலுக்கல் முறையில் தீர்மானமாகிறது. 2024இல் சிகாகோ வைட் சாக்ஸ் 121 ஆட்டங்களில் தோற்றது. நவீன காலத்தில் அதற்கு மேல் எவரும் ஒரு பருவத்தில் தோற்றதில்லை. அப்படித் தோற்றும், பெரிய சந்தை உள்ள அணி அடுத்தடுத்த ஆண்டுகளில் குலுக்கலில் பங்கேற்க முடியாது என்ற விதியால், 2025 டிராஃப்டில் அதற்குக் கிடைத்தது பத்தாவது இடம். உங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லலாம், அவர்கள் சிரிப்பார்கள்.

நாங்கள் பரம்பரை விவசாயிகள். பேரன் டொராண்டோவில் படிக்கிறான். இந்த அணி இனித் தேறுமா? "வாய்ப்பு போய்விட்டது தாத்தா, இனி இருபது வருஷம்" என்கிறான்.
*– அம்பாசமுத்திரம்*

பேரனின் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. 1992, 1993 என்று அடுத்தடுத்து வென்ற அணி, மறுபடியும் இறுதித் தொடரைக் காண 32 ஆண்டுகள் ஆயின. இருந்தாலும், தாமிரபரணிக் கால்வாயில் தண்ணீர் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: கார் பருவம் கடைசி நேரத்தில் மழையில் சாய்ந்தால், விதைநெல் இருக்கிறதா, மாடு இருக்கிறதா, குளத்தில் தண்ணீர் எவ்வளவு என்றுதானே பிசானத்துக்குக் கணக்குப் பார்ப்பீர்கள்? அதையே இங்கும் பார்ப்போம்.

விதைநெல் இருக்கிறது. விளாடிமிர் கெரேரோ ஜூனியர் 14 ஆண்டுகளுக்கு 50 கோடி டாலர் ஒப்பந்தத்தில் இருக்கிறார். அந்தத் தொடர் முடிந்தபோது அவருக்கு வயது 26. ட்ரே யெசாவேஜ் என்ற 22 வயதுப் பையன், 2025 பருவத்தின் தொடக்கத்தில் கீழ்நிலை லீகில் வீசிக்கொண்டிருந்தவன், செப்டம்பரில் மேலே வந்து, வேர்ல்ட் சீரிஸின் ஐந்தாவது ஆட்டத்தில் ஒருவருக்கும் வாக் (தவறான பந்துகளால் இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) கொடுக்காமல் 12 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தான். வேர்ல்ட் சீரிஸில் எந்தப் புதுமுகமும் அதுவரை செய்யாதது அது. பருவம் முடிந்ததும் டிலன் சீஸ் என்ற பிட்சருக்கு ஏழு ஆண்டுகளுக்கு 21 கோடி டாலர் கொடுத்து அழைத்து வந்திருக்கிறார்கள். தோல்வியில் துவண்ட முதலாளி இப்படிச் செலவு செய்யமாட்டார்.

குளம் வற்றும் இடமும் உண்டு. அந்தத் தொடரின்போதே ஸ்பிரிங்கருக்கு 36 வயது. அவருடைய ஒப்பந்தமும் பிட்சர் கெவின் காஸ்மனுடையதும் 2026 பருவத்தோடு முடிகின்றன. ஏழாவது ஆட்டத்தில் முதலில் பந்து வீசிய மேக்ஸ் ஷெர்ஸருக்கு அன்றே 41 வயது. அணியிலேயே வளர்ந்த போ பிச்செட் நியூயார்க் மெட்ஸுக்குப் போய்விட்டார். அந்த இழப்பு சிறிதில்லை.

ஆகையால், பேரன் சொல்லும் இருபது வருஷம் வெறும் வருத்தத்தில் வந்த எண். 2024இல் 74 வெற்றிகளோடு தன் பிரிவில் கடைசியில் கிடந்த அணி மறு ஆண்டே 94 வென்றது. அதனால் எனக்குக் கவலை 2026 அல்ல, 2027. மூத்தவர்கள் போன பிறகு யெசாவேஜைப் போல இன்னும் இரண்டு பேர் கீழிருந்து வருகிறார்களா என்பதில்தான் மற்றதெல்லாம் இருக்கிறது. பேரனை அந்தக் கீழ்நிலை லீக் செய்திகளையும் படித்து உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். நாற்றங்காலைப் பார்த்து விளைச்சலைச் சொல்லும் பழக்கம் உங்களுக்கு இருப்பதால், அவனைவிட நீங்களே சரியாகக் கணிக்கக்கூடும்.

மகன் எனக்கு 11ஆம் எண் போட்ட பிச்செட் சட்டை அனுப்பியிருந்தான். அவரே வேறு அணிக்குப் போய்விட்ட பிறகு இனி அதை அணியலாமா?
*– முதல் கேள்வி கேட்ட அதே பாளையங்கோட்டை வாசகர்*

தாராளமாக அணியுங்கள். செப்டம்பரில் முழங்காலில் அடிபட்டு, வேர்ல்ட் சீரிஸுக்குத்தான் திரும்பி வந்து, சரியாக ஓடமுடியாத நிலையில் ஏழாவது ஆட்டத்தில் ஓதானியின் பந்தை மூன்று ரன் ஹோம் ரன்னாக அடித்தவர் அவர். ஒன்பதாவது இன்னிங்ஸில் நீங்கள் திட்டும் கைனர்-ஃபலேஃபா ஓட வந்ததே அவருக்குப் பதிலாகத்தான். அந்தப் பாலியெஸ்டர் துணியை மட்டும் சித்திரை வெயிலில் நடைப்பயிற்சிக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.