வாசகர் கேள்வி – பதில்: அந்த வகுப்பறைக் கதவு

கேள்வி: பள்ளிக்கூடத்துக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்துவிடுகிறான். ஒரு டீச்சர் பிள்ளைகளையெல்லாம் ஒளித்து வைத்துவிட்டு, தான் வாசலில் போய் நின்று குண்டை வாங்கிக்கொள்கிறார். இப்படி ஒரு அமெரிக்கக் குறும்படம் பார்த்து அழுதுவிட்டேன். நிஜத்தில் இப்படியெல்லாம் நடக்குமா?
– ஒரு பள்ளி ஆசிரியை, நாமக்கல்

பதில்: நடந்திருக்கிறது டீச்சர். 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தில் நியூடவுன் என்ற ஊரில், சாண்டி ஹுக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குழந்தைகள் எல்லோருக்கும் ஆறு, ஏழு வயதுதான். சத்தம் கேட்டதும் என்னவென்று பார்க்க ஓடிய தலைமை ஆசிரியை திரும்பி வரவில்லை. விக்டோரியா சோட்டோ என்ற 27 வயது ஒன்றாம் வகுப்பு டீச்சர் தன் அறையிலேயே இறந்தார், அந்த அறையிலிருந்து சில பிள்ளைகள் ஓடித் தப்பினார்கள்.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருபவர் உயிர் பிழைத்த ஒரு டீச்சர். கேட்லின் ராய்க் என்று பெயர். வகுப்போடு ஒட்டிய ஒரு குட்டிக் கழிவறை, ஒரு ஆள் கை நீட்டினால் சுவர் இடிக்கும், அதற்குள் 15 பிள்ளைகளைத் திணித்து, இடம் போதாமல் சிலரைக் கழிப்பறைத் தொட்டி மேலேயே ஏற்றி நிறுத்தி, ஒரு அலமாரியைக் கதவுக்கு முன்னால் இழுத்து விட்டுப் பூட்டிக்கொண்டார். தான் பிழைப்போம் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை. அப்போதும் பிள்ளைகளிடம், நல்லவர்கள் வருகிற வரைக்கும் நாம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். உங்கள் எல்லோர் மேலும் எனக்கு ரொம்பப் பிரியம் என்றும் சொல்லியிருக்கிறார். அவர்கள் காதில் கடைசியாக விழுவது துப்பாக்கிச் சத்தமாக இருக்கக்கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பேட்டியில் விளக்கினார். ஒரு பிள்ளை, எனக்குக் கிறிஸ்துமஸ் வரவேண்டும், சாகப் பிடிக்கவில்லை என்றதாம். இன்னொரு பிள்ளை, எனக்குக் கராத்தே தெரியும், நான் முன்னால் போகிறேன் என்றதாம். கடைசியில் போலீஸ் வந்து கதவைத் தட்டியபோதும் அவர் திறக்கவில்லை. அடையாள பேட்ஜைக் கதவுக்கு அடியில் தள்ளச் சொன்னார், நிஜமான போலீஸ் என்றால் சாவி உங்களிடம் இருக்கும், நீங்களே திறந்து வாருங்கள் என்றார்.

சினிமாவில் டீச்சர் குண்டை மார்பில் வாங்குவதைப் பெரிதாகக் காட்டுவார்கள். நிஜத்தில் பிள்ளைகளைக் காப்பாற்றியது பெரும்பாலும் ஒரு கதவும், அதை அடைக்கக் கிடைத்த சில நொடிகளும்தான். சாண்டி ஹுக்கில் வகுப்பறைக் கதவுகளை வெளியே நடைபாதைப் பக்கம் நின்று சாவி போட்டுத்தான் பூட்ட முடியும். யோசித்துப் பாருங்கள், துப்பாக்கிக்காரன் நடமாடும் நடைபாதைக்கு வந்து நின்று டீச்சர் சாவி போட வேண்டும்! எல்லா வகுப்பறைக் கதவுக்கும் உள்ளிருந்து பூட்டும் வசதி வேண்டும் என்று பிற்பாடு விசாரணைக் குழு எழுதியது.

கேள்வி: ஆசிரியர்கள் கையிலேயே துப்பாக்கியைக் கொடுத்துவிட்டால் என்ன?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: 2022 மே 24, டெக்சாஸில் யுவால்டே ஊரின் ராப் தொடக்கப்பள்ளி. 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள் இறந்தார்கள். அன்று அங்கே வந்து சேர்ந்த காவல்துறையினர் 376 பேர். எல்லோரிடமும் ஆயுதம் இருந்தது, பயிற்சி இருந்தது, குண்டைத் தடுக்கும் கேடயமும் வந்து சேர்ந்தது. அப்படியிருந்தும் கொலைகாரனை வீழ்த்த 77 நிமிடம் ஆனது. அந்த நேரமெல்லாம் உள்ளே பிள்ளைகள் போனில் போலீஸைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். வெளியே போலீஸார் சாவிக்காகக் காத்திருந்தார்கள். அந்த அறைக் கதவு சரியாகப் பூட்டாது என்பது பள்ளியில் பலருக்கும் முன்பே தெரிந்த விஷயம், அன்றும் அது பூட்டாமலே இருந்திருக்க வேண்டும் என்று டெக்சாஸ் சட்டமன்றக் குழு சொன்னது.

376 பேரால் முடியாததை, கையில் சாக்பீஸோடு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுப்பவர் தலையில் கட்டுவது அநியாயம். சாண்டி ஹுக்கில் கொலைகாரன் ஐந்து நிமிடத்துக்குள் 154 குண்டுகள் சுட்டான். அந்த ஐந்து நிமிடத்தில் டீச்சர் துப்பாக்கியை எடுப்பாரா, பிள்ளைகளை எடுப்பாரா?

கேள்வி: எங்கள் ஊர்க்காரர் பேராசிரியர் லோகநாதன் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர். அதே நாளில் மாணவர்களைக் காப்பாற்றி இறந்த இன்னொரு பேராசிரியரைப் பற்றி உலகமே பேசியது. எங்கள் லோகநாதனைப் பற்றி யாரும் பேசவில்லையே?
– ஒரு வாசகி, கோபிச்செட்டிபாளையம்

பதில்: நீங்கள் கேட்டது எனக்கு மிகவும் சந்தோஷம், பேச வேண்டியவர்தான் அவர். கோபி பக்கம் கரட்டடிபாளையத்தில் பிறந்து, கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, கான்பூர் ஐ.ஐ.டி., அப்புறம் அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகம் என்று படித்து, 25 ஆண்டு வர்ஜீனியா டெக்கில் நீரியல் சொல்லிக்கொடுத்தவர். 2007 ஏப்ரல் 16 காலை நாரிஸ் ஹால் கட்டடத்தில் 206ஆம் எண் அறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வயது 53.

இன்னொருவர் லிவியு லிப்ரெஸ்கு. ருமேனியாவில் பிறந்த யூதர், நாஜிகள் காலத்து இனப்படுகொலையில் தப்பிப் பிழைத்தவர், 76 வயது. அதே மாடியில் 204ஆம் அறையில் வகுப்பு எடுத்தார். சுடும் சத்தம் கேட்டதும் தன் உடம்பால் கதவை அடைத்துக்கொண்டு நின்றார், மாணவர்கள் ஜன்னல் வழியாக முதல் மாடியிலிருந்து குதித்தார்கள், பெரும்பாலோர் பிழைத்தார்கள். அன்றைக்கு யூதர்கள் அந்த இனப்படுகொலையை நினைவுகூரும் நாளும்கூட. பக்கத்து 205ஆம் அறையில் மாணவர்களே மேஜையைக் கதவில் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டார்கள். கொலைகாரன் கதவு வழியாகச் சுட்டும் உள்ளே யாருக்கும் அடிபடவில்லை.

அம்மா, அந்தக் கட்டடத்தில் லோகநாதன் அறைக்குத்தான் அவன் முதலில் போனான். சத்தம் கேட்டு உஷாராக ஒரு நிமிடம்கூட அந்த அறைக்குக் கிடைக்கவில்லை. அவரும் அவருடைய மாணவர்கள் 9 பேரும் அங்கேயே இறந்தார்கள். மொத்தம் 32 பேர் அன்று. 204க்குக் கிடைத்த அந்த ஒன்றிரண்டு நிமிடம் 206க்குக் கிடைத்திருந்தால் உங்கள் ஊர்க்காரரும் கதவருகே போயிருப்பார் என்றுதான் நான் நம்புகிறேன். அது கிடைக்காதது அவருடைய குறை இல்லை. அந்தக் கதவுகளில் உள்பக்கம் பூட்டே இல்லை. யார் தியாகி, யார் இல்லை என்று கணக்குப் பார்க்கும்போது எனக்கு இதுதான் தாங்கவில்லை, பாடம் நடத்தப் போனவர்களை நாம் தைரியத்துக்கு மார்க் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: இதற்கு முடிவே கிடையாதா?
– ஒரு கல்லூரி மாணவர், மதுரை

பதில்: ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்ற ஊரில் 1996 மார்ச் 13 அன்று பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் 16 குழந்தைகளும் அவர்களுடைய டீச்சர் க்வென் மேயரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஊர் மக்கள் கையெழுத்து வாங்கக் கிளம்பினார்கள், 7 லட்சத்துக்கும் மேல் சேர்ந்தது. 1997இல் பிரிட்டன் கைத்துப்பாக்கியைத் தனியார் வைத்திருப்பதைத் தடை செய்தது. அதற்குப் பிறகு பிரிட்டனில் எந்தப் பள்ளியிலும் அப்படி ஒன்று நடக்கவில்லை. அமெரிக்காவில் பெற்றோர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கேள்வி: என் மகள் டெக்சாஸில் இருக்கிறாள். ஆறு வயதுப் பேத்தி வீடியோ காலில், லைட்டை அணைத்துவிட்டு மூலையில் சத்தமில்லாமல் உட்காரும் விளையாட்டைப் பள்ளியில் சொல்லிக்கொடுத்ததாகச் சொன்னாள். எனக்குத் தூக்கமே போய்விட்டது. அவளிடம் என்ன பேசுவது?
– ஒரு பாட்டி, திருநெல்வேலி

பதில்: அது லாக்டவுன் டிரில் அம்மா. கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, கதவுக் கண்ணாடி வழியாகத் தெரியாத மூலையில் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைப்பார்கள். பிள்ளை பயப்படக்கூடாது என்று டீச்சர்தான் அதை விளையாட்டு மாதிரி சொல்லிக்கொடுத்திருப்பார். அதை நீங்கள் கெடுத்துவிடாதீர்கள், துப்பாக்கி என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். அழுகையை அடக்கிக்கொண்டு, அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கதை கேட்பதுபோலக் கேளுங்கள். மகளிடம் மட்டும் தனியாக ஒன்று சொல்லுங்கள்: அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது, பேத்தியின் வகுப்புக் கதவை உள்ளிருந்து பூட்ட முடியுமா, பூட்டு வேலை செய்கிறதா என்று டீச்சரிடம் கேட்கட்டும். பூட்டு சரியில்லை என்றால் பள்ளி நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுக்கட்டும், சரிசெய்கிற வரைக்கும் விடாமல் கேட்கட்டும்.